வெளிநாட்டுப் படிப்பும் ஆங்கிலப் பரீட்சையும்

(கடந்த போயா தினத்தன்று தோட்டத்துச் சனசமூக நிலையத்தில், பெற்றோருக்கும் ஓ.எல்., ஏ.எல். படிக்கும் பிள்ளைகளுக்கும் பேசியதன் எழுத்து வடிவம்.)



லீவு நாளில் துணி துவைக்கிற வேலை, விறகு வேலை எல்லாவற்றையும் போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே சுற்றி வளைக்காமல் விசயத்துக்கு வருகிறோம்.

கொஞ்ச காலமாக எங்கள் காரியாலயத்துக்கு வருகிற பெற்றோர் ஒரே மாதிரியான ஒரு கேள்வியைக் கேட்கிறார்கள். "சேர், வெளிநாட்டுல படிக்கப் போறதுக்கு ஏதோ இங்கிலீஷ் சோதனை இருக்காமே, அதுக்கு எவ்வளவு கட்டணும்?" எவ்வளவு கட்டணும் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எவ்வளவு காலம் படிக்கணும் என்று இதுவரை ஒருவராவது கேட்டதில்லை. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கூட்டம்.

அந்தச் சோதனைக்குப் பெயர் ஐ.ஈ.எல்.டி.எஸ். பிள்ளைகள் ஐயெல்ட்ஸ் என்று சொல்வார்கள். 1989 இல் ஆரம்பித்த பரீட்சை. பிரிட்டிஷ் கவுன்சில், ஐ.டி.பி., கேம்பிரிட்ஜ் ஆகிய மூன்று நிறுவனங்களுக்குச் சொந்தமானது. டோஃபல், பி.டி.ஈ. என்று வேறு பரீட்சைகளும் உண்டு. ஆனால் இங்கே அதிகம் பேசப்படுவது ஐ.ஈ.எல்.டி.எஸ். என்பதால் அதையே எடுத்துக் கொள்கிறோம். கொரியாவுக்கு வேலைக்குப் போகிற பொடியன்மார் எழுதுவது கொரிய பாசைப் பரீட்சை. அதையும் இதையும் போட்டுக் குழப்பிக் கொள்ள வேண்டாம்.

இந்தப் பரீட்சையில் பாஸ், பெயில் கிடையாது. பூச்சியத்திலிருந்து 9 வரைக்கும் ஒரு அளவு தருவார்கள், அதற்கு பேண்ட் என்று பெயர். ஐந்து, ஐந்தரை, ஆறு, ஆறரை என்று அரை அரையாக ஏறும். எந்த அளவு போதும் என்று தீர்மானிப்பது நீங்கள் போகப் போகும் பல்கலைக்கழகமும் அந்த நாட்டு விசா சட்டமும் ஆகும். ஆஸ்திரேலியா மாணவர் விசாவுக்கு 5.5 ஆக இருந்ததை 2024 மார்ச் மாதத்தில் 6.0 ஆக உயர்த்தியது. பட்டப்படிப்புக்கு 6.0, 6.5 கேட்கிற பல்கலைக்கழகங்கள் ஏராளம். சட்டம் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே போன வருசம் போன பிள்ளைக்கு இருந்தது இந்த வருசமும் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது.

இனி, சொல்லக் கஷ்டமான ஒரு விசயத்தைச் சொல்கிறோம்.

சில வருசங்களுக்கு முன் எங்கள் பிரிவைச் சேர்ந்த ஒரு தாய் ஒரு விளம்பரத் தாளைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். டவுனில் ஒரு வகுப்பு. ஆறு கிழமையில் ஆறரை பேண்ட் நிச்சயம் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. மகன் ஓ.எல். ஆங்கிலத்தில் 'சீ' எடுத்தவன், கெட்டிக்காரன். "போடலாமா சேர்?" என்று கேட்டார். தாளை வாசித்தோம். எங்களுக்கும் அந்தப் பரீட்சையைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்ததோ என்னவோ, நல்ல விசயம் தானே, போடுங்கள் என்று சொல்லிவிட்டோம். சங்கக் கடனுக்கு சிபாரிசுக் கையெழுத்தும் வைத்துக் கொடுத்தோம். கடன் போதாமல் தாலிக்கொடியும் அடகுக்குப் போனது.

பிள்ளைக்கு 4.5 வந்தது. அது மட்டும் என்றால் இன்னொரு தரம் எழுதலாம் என்று மனதைத் தேற்றியிருக்கலாம். ஐ.ஈ.எல்.டி.எஸ். இல் இரண்டு வகை இருக்கிறது. அக்கடமிக் என்பது பல்கலைக்கழகப் படிப்புக்கு. ஜெனரல் ட்ரெயினிங் என்பது பெரும்பாலும் குடியேற்றத்துக்கும் வேலைக்கும். அந்தப் பிள்ளையைப் பதிந்திருந்தது ஜெனரலுக்கு. அவன் ஆறரை எடுத்திருந்தாலும் அவன் கேட்ட படிப்புக்கு அந்தத் தாள் உதவியிருக்காது. அவனுக்கும் தெரியாது, தாய்க்கும் தெரியாது, கையெழுத்து வைத்த எங்களுக்கும் தெரியாது. அவன் இப்போது கொழும்பில் ஒரு கடையில் நிற்கிறான். கடன் இன்னும் தாயின் சம்பளத்தில் வெட்டுப்படுகிறது. செக்ரோல் பார்க்கும் போதெல்லாம் அந்த வரி எங்கள் கண்ணில் படுகிறது.

அதற்குப் பிறகுதான் நாங்கள் இந்தப் பரீட்சையைப் பற்றிக் கேட்டு, வாசித்து, பழைய வினாத்தாள் புத்தகங்களை வாங்கி, நாங்களே எழுதிப் பார்த்தோம். எங்கள் புள்ளியை இங்கே கேட்க வேண்டாம்!

ஆங்கிலம் எங்கள் சனங்களுக்கு ஒரு அந்நியப் பொருள் என்று நினைக்கிறோம். 1867 இல் லூல்கந்துரையில் தேயிலை வைத்த நாளிலிருந்து எங்கள் காதில் விழுந்து கொண்டிருக்கிற பாசை அது. ஸ்டோர், டிஸ்பென்சரி, செக்ரோல் எல்லாம் எங்கிருந்து வந்தன? கொந்தரப்பு என்பதே அவர்களுடைய கொன்ட்ராக்ட் தான். ஆனால் அந்தப் பாசை எங்களிடம் உத்தரவாக வந்தது. கேட்டுக்கொண்டு வேலைக்குப் போனோம், திருப்பிப் பேசவில்லை. பிள்ளைகளும் அப்படியே. பள்ளியில் ஆங்கிலம் எழுதுவார்கள், பொருள் சொல்வார்கள், வாய் மட்டும் திறக்காது. இந்தப் பரீட்சையோ வாயையும் காதையும் கேட்கிறது. அதனால்தான் ஓ.எல். இல் நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளையும் இங்கே தடுக்கி விழுகிறது.

பரீட்சையில் நான்கு பகுதிகள். கேட்டல் சுமார் 30 நிமிடம், வாசிப்பு 60 நிமிடம், எழுத்து 60 நிமிடம், பேச்சு 11 முதல் 14 நிமிடம். நான்கையும் கூட்டி நான்கால் பிரித்து, கிட்ட உள்ள அரைக்கு மாற்றித்தான் மொத்த பேண்ட் தருவார்கள். ஒரு பிள்ளை 6, 6, 6.5 எடுத்து எழுத்தில் மட்டும் 5 எடுத்தால் மொத்தம் 23.5. நான்கால் பிரித்தால் 5.875. அது 6 ஆகிவிடும். வீட்டில் சந்தோசம். ஆனால் பல இடங்களில் ஒவ்வொரு பகுதியிலும் ஐந்தரைக்குக் குறையக் கூடாது என்றும் போட்டிருப்பார்கள். அந்த எழுத்துப் பகுதியால் கதவு மூடிவிடும். ஆகவே படிவத்தை நிரப்பு முன், மொத்தம் எவ்வளவு, ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்று இரண்டையும் கேட்டு எழுதிக் கொள்ளுங்கள்.

கேட்டலில் 40 கேள்விகள், நான்கு பாகம். முதல் பாகம் லேசு. இரண்டு பேர் ஒரு இடத்தைப் பதிவது, விலாசம் கொடுப்பது போன்ற பேச்சு. கடைசிப் பாகம் ஒரு விரிவுரை. பிரிட்டிஷ்காரர், ஆஸ்திரேலியர், அமெரிக்கர் என்று குரல்கள் மாறி மாறி வரும். முக்கியமான விசயம், எல்லாம் ஒரே ஒரு தரம்தான் கேட்கும். திருப்பிப் போட மாட்டார்கள்.

இங்கே கொழுந்தெடுக்கிற அக்காமார் இருக்கிறீர்கள். தராசில் மடுவைத் தூக்கும் போது கிலோவை எத்தனை தரம் கூப்பிடுகிறார்கள்? ஒரு தரம். பேச்சுச் சத்தத்துக்கும் மழைக்கும் நடுவில் அந்த ஒரு தரத்தில் உங்கள் காது அதைப் பிடிக்கிறது. அரைக் கிலோ குறைத்துப் போட்டால் அந்த இடத்திலேயே கேட்டு விடுகிறீர்கள். எது தேவையோ அதற்காகக் காதைத் தீட்டி வைத்திருக்கிறீர்கள். பிள்ளைகளும் அதே மாதிரி, கேள்வியை முதலில் வாசித்து, வரப்போவது இலக்கமா, பெயரா, கிழமையா என்று தெரிந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டும். வீட்டில் பழகுவதற்கு காசு வேண்டாம். போனில் ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஆங்கிலச் செய்தி. ஒரு தரம் கேட்டு, காதில் விழுந்த இலக்கங்களையும் பெயர்களையும் எழுதுவது. பிறகு மீண்டும் போட்டுச் சரி பார்ப்பது. பிரிட்டிஷ் கவுன்சிலின் இலவசப் பாடங்களும் இருக்கின்றன. 2020, 2021 இல் பள்ளி மூடியிருந்த போது மேட்டில் ஏறி சிக்னல் பிடித்துப் படித்த பிள்ளைகள் தானே நீங்கள்.

எழுத்துப் பிழைக்குப் புள்ளி போய்விடும் என்பதையும் சொல்ல வேண்டும். விடை தெரிந்திருந்தும் 'அக்கமடேஷன்' என்பதில் இரண்டு சீயும் இரண்டு எம்மும் போடாமல் விட்டால் அந்தக் கேள்வி பிழை தான். 'வென்ஸ்டே' யில் வாயில் வராத ஒரு டீ இருக்கிறது. இரண்டு சொல்லுக்கு மேல் எழுத வேண்டாம் என்று போட்டிருந்தால் மூன்று சொல் எழுதிய விடையும் பிழை. ஆனால் பிழையான விடைக்குப் புள்ளி வெட்டுவது கிடையாது. எனவே ஒரு இடத்தையும் வெறுமையாக விட வேண்டாம்.

வாசிப்புக்கும் 40 கேள்விகள். அக்கடமிக்கில் மூன்று நீளமான கட்டுரைகள் வரும். இதில் பிள்ளைகளைக் குழப்புகிற ஒரு கேள்வி இருக்கிறது. சரி, பிழை, சொல்லப்படவில்லை என்று மூன்றில் ஒன்றைப் போட வேண்டும். நோட்டீஸ் போர்டில் 10 ஆம் திகதி சம்பளம் என்று மட்டும் போட்டிருக்கிறது. ஒருவர் வந்து 12 ஆம் திகதி தான் சம்பளம் என்கிறார், அது பிழை. இன்னொருவர் இந்த மாதம் அட்வான்ஸும் கிடைக்கும் என்கிறார். அது உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் போர்டில் இல்லை. ஆகவே அது சொல்லப்படவில்லை. எங்கள் லயங்களில் இந்த வித்தியாசம் தெரியாமல் நடக்கிற சண்டைகள் எத்தனை!

எழுத்தில் இரண்டு வேலைகள். முதலாவது குறைந்தது 150 சொல், இரண்டாவது குறைந்தது 250 சொல். இரண்டாவதற்கு இரு மடங்கு புள்ளி. அதனால் முதலாவதுக்கு 20 நிமிடம், இரண்டாவதுக்கு 40 நிமிடம் என்று பிரித்துக் கொள்வது வழக்கம். அக்கடமிக்கில் முதலாவது, ஒரு வரைபடத்தையோ அட்டவணையையோ பார்த்து அதில் இருப்பதைச் சொல்வது. இதைக் கேட்டதும் பிள்ளைகள் பயப்படுகிறார்கள். பயப்படாதீர்கள், அந்த வரைபடத்தை உங்கள் அம்மா வாசிப்பார். பிள்ளை மடுவத்தில் நிறை பார்க்கிற அன்று அட்டையில் கோடு போடுகிறார்களே. முதல் ஆறு மாதம் ஏறியது, காய்ச்சல் வந்த மாதம் கீழே இறங்கியது, பிறகு இரண்டு மாதம் அப்படியே நின்றது, திரும்ப ஏறியது என்று எந்தத் தாயும் சொல்வாள். கேட்பதும் அது தான். எங்கே ஏறியது, எங்கே இறங்கியது, எது கூட, எது குறைய. ஏன் இறங்கியது என்று உங்கள் சொந்த எண்ணத்தை அங்கே சேர்க்கக் கூடாது, படத்தில் இருப்பது மட்டும் போதும். இன்றைக்கு வீட்டுக்குப் போய்த் தம்பியின் நிறை அட்டையை எடுத்து வைத்து, அம்மா தமிழில் சொல்லட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

இரண்டாவது கட்டுரைக்கு ஒரு கருத்தும் அதற்குக் காரணமும் வேண்டும். பாடமாக்கிய கட்டுரையைக் கொண்டு போய்க் கொட்டினால் பரீட்சகருக்குத் தெரிந்து விடும். டவுன் வகுப்புகளில் விற்கிற கட்டுரைப் புத்தகங்களை நம்ப வேண்டாம். கிழமைக்கு ஒன்று எழுதி, ஆங்கில ரீச்சரிடமோ பல்கலைக்கழகத்தில் படிக்கிற எங்கள் பிள்ளைகளிடமோ காட்டித் திருத்துவது அதைவிட மேல்.

பேச்சு, ஒரு பரீட்சகருக்கு முன்னால் இருந்து நேருக்கு நேர். முதலில் ஊர், வீடு, படிப்பு என்று சாதாரணக் கேள்விகள். அடுத்து ஒரு அட்டையில் தலைப்புக் கொடுத்து, யோசிக்க ஒரு நிமிடம் தருவார்கள். ஒன்று இரண்டு நிமிடம் தனியே பேச வேண்டும். பிறகு அதை ஒட்டிய பெரிய கேள்விகள்.

எங்கள் காரியாலயத்தில் பின்னேரம் பழகும் போது ஒரு தங்கச்சியிடம் ஊரைப் பற்றிச் சொல்லச் சொன்னோம். கண்டி என்றாள். தலதா மாளிகை, வாவி என்று இரண்டு வசனத்தோடு நின்றுவிட்டது. அவள் கண்டிக்குப் போனதே இரண்டு தரமோ மூன்று தரமோ. ஏன் அப்படிச் சொன்னாய் என்று கேட்டதற்கு, "தோட்டம்னு சொன்னா என்ன நெனப்பாங்க சேர்?" என்றாள். நாங்கள் ஒன்றும் பேசவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, உன் அப்பா ஸ்டோரில் என்ன வேலை செய்கிறார் என்று ஆங்கிலத்தில் கேட்டோம். வாட்டுகிற தட்டு, ரோலர் அரைக்கிறது, நிறம் மாறும் போது வருகிற மணம், இரவு வேலை முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் ஒட்டியிருக்கிற தூள் என்று சொல்லிக்கொண்டே போனாள். இலக்கணம் அங்கங்கே உடைந்தது, ஆனால் பேச்சு நிற்கவில்லை. இரண்டு நிமிடம் தாண்டி விட்டது. பரீட்சகர் நீங்கள் எந்த ஊர் என்பதற்குப் புள்ளி போடுவதில்லை. தடங்கலின்றிப் பேசுகிறீர்களா, சொல்வளம் உண்டா, இலக்கணம் எப்படி, உச்சரிப்பு விளங்குகிறதா என்று தான் பார்க்கிறார். வெள்ளைக்காரர் மாதிரி பேசத் தேவையில்லை, விளங்கினால் சரி.

சரி, எவ்வளவு காலம்? ஓ.எல். ஆங்கிலத்தோடு நிற்கிற பிள்ளைக்கு ஆறு கிழமை போதாது. எங்கள் அனுபவத்தில் தினமும் ஒரு மணித்தியாலம் விடாமல் படித்தாலும் ஒரு வருசமாவது வேண்டும். ஓ.எல். முடிந்து பெறுபேறு வரும் வரை சும்மா இருக்கிற மாதங்கள் இதற்கு நல்லது. பரீட்சைக்குக் கட்டுவது அதற்குப் பிறகு, பழைய வினாத்தாளை நேரம் பார்த்து எழுதி, வேண்டிய அளவு வருகிறது என்று கண்ட பிறகு. அந்தக் கட்டணம் ஒரு ஆளுக்கு மாதம் 25 நாள் பெயர் விழுந்தாலும் கிடைக்கிற சம்பளத்தை விடக் கூட. சரியான தொகையை பிரிட்டிஷ் கவுன்சிலிடமோ ஐ.டி.பி. இடமோ நேரே கேளுங்கள், நேரே கட்டுங்கள், ரசீது எடுங்கள். பேப்பரிலா கம்பியூட்டரிலா என்றும் அப்போதே கேளுங்கள். டைப் பண்ணிப் பழகாத பிள்ளை கம்பியூட்டர் முன்னால் போய் இருந்தால் அரை நேரம் எழுத்தைத் தேடுவதிலேயே போய்விடும்.

பேண்டை வாங்கித் தருகிறோம், ஆளை வைத்து எழுதித் தருகிறோம் என்று யாராவது வந்தால் வாசலிலேயே அனுப்பி விடுங்கள். விற்கிறவனிடம் பேண்ட் கிடையாது. கள்ளச் சான்றிதழை அந்தந்த நாட்டுக்காரர் பரீட்சைக்காரரிடமே கேட்டு உறுதிப்படுத்திக் கொள்வார்கள். பிடிபட்டால் பிள்ளையின் பெயர் கெடும், பிறகு நேர்மையாகக் கேட்டாலும் விசா கிடைப்பது கஷ்டம்.

இன்னொன்று, பெறுபேறு இரண்டு வருசத்துக்குத் தான் செல்லும். முதலில் பரீட்சை, பிறகு மற்றதைப் பார்ப்போம் என்று எழுதி வைத்து, காசுக்கு ஓடித் திரிவதற்குள் அது காலாவதியாகி விடும். காசு என்று சொன்னதால் இதையும் கேளுங்கள். ஆஸ்திரேலியா 2024 மே மாதத்தில் வைத்த கணக்குப்படி, ஒரு மாணவர் ஒரு வருச வாழ்க்கைச் செலவுக்கென்று மட்டும் 29,710 ஆஸ்திரேலிய டொலர் காட்ட வேண்டும். படிப்புக் கட்டணம் வேறு, பிளேன் டிக்கட் வேறு. தாலிக்கொடியை எத்தனை தரம் அடகு வைத்தாலும் எட்டாத தொகை. எங்கள் அபிப்பிராயம் என்னவென்றால், இங்கே ஏ.எல். எழுதி, பேராதனையிலோ வேறு எங்கோ இலவசமாகப் பட்டத்தை முடித்து, பிறகு புலமைப்பரிசிலுக்குப் போவது தான் எங்கள் பிள்ளைகளுக்குத் தோதான வழி. பிரித்தானியாவின் செவ்னிங் புலமைப்பரிசில் ஒரு வருச மேற்படிப்பின் முழுச் செலவையும் ஏற்கிறது. ஆனால் பட்டமும் இரண்டு வருச வேலை அனுபவமும் கேட்கிறது. அப்போதும் பல்கலைக்கழகம் ஆங்கிலத்தைக் கேட்கத்தான் செய்யும். எனவே இன்று படிக்கிற ஆங்கிலம் வீண் போகாது. இதில் எங்களோடு ஒத்துப்போகாத பெற்றோரும் இருக்கிறீர்கள். காரியாலயத்துக்கு வாருங்கள், பேசுவோம். கையெழுத்து மட்டும் இந்த முறை கணக்குப் பார்க்காமல் வைக்க மாட்டோம்.

கடைசியாகப் பெயர் விசயம். பரீட்சைக்குப் பாஸ்போட் வேண்டும், பதியும் பெயரும் பாஸ்போட்டில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்களில் எத்தனை பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், பள்ளி இடாப்பில் ஒரு பெயர், அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து! அப்பா பெயரையே இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகும். வீட்டில் இருக்கிற எல்லாச் சான்றிதழ்களையும் இந்தக் கிழமையே எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் கொண்டு வாருங்கள், பதிவாளருக்கு எழுத வேண்டிய கடிதத்தை நாங்கள் எழுதித் தருகிறோம்.

செவ்வாய், வியாழன் பின்னேரங்களில் காரியாலயம் ஆறு மணி வரை திறந்திருக்கும். பழைய வினாத்தாள் புத்தகங்கள் நான்கு இருக்கின்றன. அங்கேயே இருந்து எழுதலாம், வீட்டுக்குத் தர மாட்டோம். வருகிற பிள்ளைகள் ஒரு கொப்பியும் பென்சிலும், வீட்டில் சின்னப் பிள்ளை இருந்தால் அதன் நிறை அட்டையும் கொண்டு வாருங்கள்.